வயதைச் சொல்லிவிடும் நினைவுகள்: ‘நினைவு மேடு’ ஓர் எளிய அறிமுகம்

போகிக்கு முந்தைய நாள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அடியில் சணல் கயிற்றால் கட்டிய இன்லாண்டு கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. நான் விடுதியில் தங்கிப் படித்தபோது அம்மா எழுதியவை. நீலம் வெளுத்து, மடிப்புகளில் நைந்து, பசை தடவிய விளிம்பு வரை எழுத்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. இடம் போதாமல் கடிதத்தைத் திருப்பிவைத்து ஓரத்தில் எழுதிய இரண்டு வரிகள் வேறு. தம்பி மகளுக்குப் பதினான்கு வயது. ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

“அத்தை, ‘கவ’ வரைக்கும் புரிகிறது. அதற்கப்புறம் ல-வுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஏதோ வளைந்திருக்கிறதே, இது என்ன எழுத்து?”

அது ‘லை’. ‘கவலைப்படாதே’ என்று அம்மா எழுதியிருந்தார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கையை இழந்தன. ணா, றா, னா போன்றவை தங்கள் சுழியை இழந்தன. மொத்தம் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அம்மா புதிய வடிவத்துக்கு மாறவே இல்லை. நான் பழையதில் தொடங்கி, பள்ளியின் நடுவில் புதியதற்கு மாறியவள். பேனாவை வாங்கி ஒரு தாளில் பழைய ‘லை’யை எழுதிக் காட்டினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதாத எழுத்து. கை ஒரு கணமும் தயங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அப்படியென்றால் உங்களுக்கு எவ்வளவு வயது அத்தை?” என்றாள்.

ஓர் எழுத்து என் வயதைச் சொல்லிவிட்டது. இப்படி வயதைச் சொல்லிவிடும் நினைவுகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ‘மலரும் நினைவுகள்’ என்று தலைப்பிட்டு நாலணா மிட்டாயின் படத்தைப் பகிர்கிறோம். “பழசெல்லாம் நினைவுக்கு வர ஆரம்பித்தால் வயதாகிவிட்டது என்று பொருள்” என்கிறோம். “அந்தக் காலம் போல வருமா” என்கிறோம். இந்தப் பேச்சில் பாதி தவறான புரிதலின்மேல் நிற்கிறது. நினைவு எப்படி வேலை செய்கிறது, ஏன் சில ஆண்டுகள் மட்டும் இவ்வளவு பிரகாசமாக இருக்கின்றன என்பது தெரிந்தால், நம்மையும் வீட்டுப் பெரியவர்களையும் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நினைவு ஒரு புள்ளிக் கோலம்

நினைவைப் பலரும் ஒலிநாடாவாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடந்தது அப்படியே பதிவாகி எங்கோ அலமாரியில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஓடும். நாளாக நாளாக நாடா தேயும். இந்த உவமையை விட்டுவிடுவதுதான் முதல் படி.

வாசலில் போடும் கோலத்தை நினைத்துப் பாருங்கள். கோலம் போடத் தெரிந்தவர் முழுப் படத்தையும் தலைக்குள் சுமப்பதில்லை. ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்பது நினைவிருக்கும். எந்த மூலையில் வளைக்க வேண்டும், எங்கே இரண்டு இழைகள் குறுக்கிட வேண்டும் என்பது நினைவிருக்கும். மீதியைக் கை அந்த நேரத்தில் போட்டுக்கொள்கிறது. நேற்றைய கோலம் நடப்பவர்களின் காலில் அழிந்துவிட்டது. இன்று காலையில் வாசலில் இருப்பது அதே புள்ளிகளின்மேல் புதிதாக இழுத்த கோடு. ஒரு வளைவு மாறியிருந்தாலும் நமக்குத் தெரியாது. இதுவே நேற்றைய கோலம் என்று நம்புவோம்.

நம் வாழ்க்கையில் நடந்தவற்றைப் பற்றிய நினைவுக்கு உளவியலில் ‘தன்வரலாற்று நினைவு’ என்று பெயர். அது கோலம் போலத்தான் இயங்குகிறது. ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது பார்த்தது மூளையின் ஓர் இடத்திலும், கேட்டது வேறோர் இடத்திலும், முகர்ந்தது இன்னோர் இடத்திலும் பதிகின்றன. இவற்றையெல்லாம் ‘இவை ஒன்றாக நடந்தவை’ என்று முடிந்துவைக்கிற உறுப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு காதுகளுக்கும் உட்புறம், மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ‘ஹிப்போகாம்பஸ்’ அது. புள்ளிகளைக் கோக்கும் நூல் என்று வைத்துக்கொள்ளலாம். நினைத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் மூளை அந்தப் புள்ளிகளைத் திரட்டிக் கோட்டை மறுபடி இழுக்கிறது.

இந்த உறுப்பின் வேலை உலகுக்குத் தெளிவாகப் புரிந்தது ஒரு மனிதரின் துயரத்தால். அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953-இல் அவருடைய 27-ஆம் வயதில் நடந்த அறுவைச் சிகிச்சையில் இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் சந்தித்தவரைப் பிற்பகலில் புதியவராகவே பார்த்தார். ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் வரையும் கடினமான பயிற்சியைக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவே இல்லை; கைக்கு நினைவிருந்தது. நிகழ்ச்சிகளுக்கு ஒரு வழி, கைப்பழக்கங்களுக்கு இன்னொரு வழி என்று மூளைக்குள் பாதைகள் பிரிந்திருக்கின்றன. என் கை பழைய ‘லை’யைத் தயங்காமல் எழுதியது இந்த இரண்டாவது வழியில்.

எம்.ஜி.ஆர். மறைந்த அன்று நான் எங்கே இருந்தேன்?

கோடு ஒவ்வொரு முறையும் புதிதாக இழுக்கப்படுகிறது என்றால் அது தவறாகவும் இழுக்கப்படலாம். இதை நான் சொந்த அனுபவத்தில் அந்தக் கடிதக் கட்டிலேயே கண்டேன்.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்த செய்தியை விடுதி வராந்தாவில் நின்று வானொலியில் கேட்டதாக இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். பக்கத்தில் யார் நின்றாள், அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எப்படி அழுதாள் என்பதுவரை கண்முன் தெரியும். 1988 ஜனவரியில் அம்மா எழுதிய கடிதம் இப்படிச் சொல்கிறது: “எம்.ஜி.ஆர். செய்தி வந்த அன்று பனியில் அடுத்த வீட்டுத் திண்ணையில் ரேடியோ கேட்டுக்கொண்டு நின்றாயே, அன்று பிடித்த சளி விட்டதா?” அரையாண்டு விடுமுறைக்கு நான் ஊரில்தான் இருந்திருக்கிறேன். கடிதம் தப்பாக இருக்க முடியாது. இன்றும் கண்ணை மூடினால் எனக்கு விடுதி வராந்தாதான் தெரிகிறது.

இப்படி நாட்டையே உலுக்கும் செய்தியைக் கேட்ட கணம் படம்பிடித்ததுபோல் தங்குவதற்கு ‘மின்னல் நினைவு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அவை மற்ற நினைவுகளைவிடத் துல்லியமானவை என்று எல்லோரும் நம்புகிறோம். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் 1986-இல் வெடித்த மறுநாள் காலையில், செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழித்து மறுபடி கேட்டபோது பலர் முற்றிலும் வேறு கதை சொன்னார்கள். தாங்களே எழுதிக்கொடுத்த தாளைக் காட்டிய பிறகும் உண்மை நினைவு திரும்பி வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. புள்ளிகள் உண்மை, கோடு இடம் மாறிவிட்டது. நினைவின் தெளிவும் நினைவின் துல்லியமும் வேறு வேறு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நினைவு சேமித்துவைத்த பதிவு அல்ல, ஒவ்வொரு முறையும் கட்டியெழுப்பப்படுவது. கட்டுவதற்கான புள்ளிகளை ஹிப்போகாம்பஸ் கோத்துவைக்கிறது. நன்றாகத் தெரிகிற நினைவும் தவறாக இருக்கலாம். இனி, எந்த வயதின் புள்ளிகள் அதிகம் தங்குகின்றன என்ற கேள்விக்கு வருவோம்.

மறதியின் சரிவில் ஒரு மேடு

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. மலையிலிருந்து இறங்கும் பாதைபோல, முதலில் செங்குத்து, பிறகு சமவெளி.

வாழ்க்கை நினைவுகளும் இப்படியே இருந்தால், அறுபது வயதுக்காரருக்குப் போன மாதம் நன்றாகவும், போன ஆண்டு சுமாராகவும், இருபது வயது மங்கலாகவும், பத்து வயது ஏறக்குறைய இல்லாமலும் இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இதை அளப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1879-இல் முயன்று பார்த்தது; 1970-களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் செம்மைப்படுத்தியது. ஒருவரிடம் ‘மழை’, ‘நாய்’, ‘கடை’ என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மனத்தில் முதலில் வருகிற சொந்த அனுபவத்தை அவர் சொல்ல வேண்டும். பிறகு அது எந்த வயதில் நடந்தது என்று குறிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய பலரிடம் இப்படிக் கேட்டு, வயதுவாரியாக எண்ணி வரைபடம் போட்டால் ஒரு வடிவம் கிடைக்கிறது. தொடக்கத்தில், மூன்று அல்லது மூன்றரை வயதுவரை, ஏறக்குறைய வெறும் தரை. இதற்குக் ‘குழந்தைப் பருவ மறதி’ என்று பெயர். கடைசியில், அண்மை ஆண்டுகளில், எதிர்பார்த்தபடியே உயரம். நடுவில், எதிர்பாராத இடத்தில், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுவரை ஒரு மேடு எழுந்து நிற்கிறது. மேட்டுக்கும் அண்மை ஆண்டுகளுக்கும் இடையில் மறுபடி பள்ளம்.

அந்த மேட்டைத்தான் இந்தக் கட்டுரையில் ‘நினைவு மேடு’ என்கிறேன். ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்கிற நினைவுகள், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இளமைப் பருவத்திலிருந்தே வருகின்றன என்பதே அதன் பொருள். சீனா, ஜப்பான், வங்கதேசம், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஐந்திலும் மேடு இருந்தது.

“வயதாகிவிட்டதால் பழசு நினைவுக்கு வருகிறது” என்ற பேச்சுக்கு இங்கேதான் திருத்தம் தேவைப்படுகிறது. முதுமை வந்து மேட்டைப் புதிதாக எழுப்புவதில்லை. மேடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் நாம் அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தோம், அதனால் தெரியவில்லை. நடந்து தள்ளி வந்த பிறகு, இடையில் பள்ளம் விழுந்த பிறகு, அது கண்ணுக்குத் தெரிகிறது.

ஏன் அந்த வயதுகள்?

காரணம் ஒன்றல்ல, பல சேர்ந்து மேட்டை உயர்த்துகின்றன. எளிதில் புரிகிற காரணம், முதல்முறை என்பது. தனியாகப் பஸ் ஏறியது, விடுதியில் முதல் இரவு, முதல் சம்பளம், முதல் பிரசவம் எல்லாம் பெரும்பாலும் அந்த இருபது ஆண்டுகளுக்குள் வந்துவிடுகின்றன. வேலைக்குப் போன முதல் நாள் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள். இரண்டாயிரமாவது நாளைக் கேட்டால்? ஒரே பாதையில் தினமும் நடந்தால் தடம் தடத்தின்மேல் விழுந்து தனித்தனியாகத் தெரியாது. மூளையும் ஒரே மாதிரியான நாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ‘அலுவலக நாள்’ என்ற ஒற்றைச் சித்திரமாக்கி வைத்துக்கொள்கிறது.

நான் இதைவிட முக்கியமாகக் கருதுவது, ‘நான் யார்’ என்பது தீர்மானமாகும் காலம் அது என்பதை. எதைப் படிப்பது, யாரோடு பழகுவது, எதை நம்புவது, எதை எதிர்ப்பது என்று ஓர் ஆள் உருவாவது அப்போது. அந்த ஆளைத் தாங்குகிற நினைவுகளை நாம் பிற்பாடு திரும்பத் திரும்பத் தொடுகிறோம். தொடத்தொட அவை உறுதிப்படுகின்றன. அதோடு மூளையும் அந்தப் பருவத்தில் கற்பதில் உச்சத்தில் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று, ஊரை விட்டுப் போனவர்களின் மேடு. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வெவ்வேறு வயதுகளில் அமெரிக்காவில் குடியேறிய முதியவர்களை ஆராய்ந்தபோது, முப்பதுகளில் குடியேறியவர்களுக்கு மேடு அந்த வயதை ஒட்டித் தள்ளிப்போயிருந்தது. புது ஊர், புது மொழி, எல்லாம் மறுபடி முதல்முறை. வங்கதேசத்தின் மூத்த தலைமுறையிடம் 1999-இல் வெளியான ஆய்வு, வழக்கமான மேட்டோடு இன்னொரு மேட்டையும் கண்டது. அது அவர்களின் நடுவயதில், விடுதலைப் போராட்ட ஆண்டுகளில் விழுந்திருந்தது. ஆகவே வயது என்ற எண் தனியாக மேட்டை உண்டாக்குவதில்லை. வாழ்க்கை புரண்டு புதிதாகும் ஆண்டுகளே மேடாகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அது இளமையில் நேர்கிறது.

சில்லறைக் காசு சொல்லும் வயது

இப்போது தலைப்புக்கு வரலாம். ஒருவரின் நினைவிலிருந்து அவருடைய வயதை எப்படிக் கணிக்க முடிகிறது?

மேடு ஒவ்வொருவருக்கும் தனி. ஆனால் அந்த ஆண்டுகளில் சுற்றியிருந்த பொருள்கள் எல்லோருக்கும் பொது. தனி மேடும் பொதுப் பொருளும் சந்திக்கும் இடத்தில் வயது தெரிந்துவிடுகிறது. மர வளையத்தை எண்ணுவதுபோல.

காசையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957 ஏப்ரல் 1 வரை இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964-இல் ‘நயா’ என்ற அடைமொழி விலகியது. அணா நாணயம் போன பிறகும் சொல் போகவில்லை. 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் என் தலைமுறை சொல்லிவந்தது. நான் அணாக் காசைப் புழங்கியதே இல்லை. 2011 ஜூன் இறுதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாமல் போயின. ‘நயா பைசா’ என்கிறவர் எழுபதைத் தாண்டியிருப்பார். அலுமினியத்தில் விளிம்பு நெளிநெளியான பத்துப் பைசாவை உள்ளங்கையில் உணர்கிறவர் என் வயதுக்காரர். எட்டணா என்ற சொல்லையே கேட்டிராதவருக்கு மூன்று தலைமுறைப் பொருளாதாரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தந்தியும் அப்படித்தான். வாசலில் “தந்தி!” என்ற குரல் கேட்டால் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழத் தொடங்குவார்கள். 2013 ஜூலையில் அந்தச் சேவை நின்றபோது அந்த அச்சத்தை அறிந்த தலைமுறை ஏற்கெனவே நரைத்துவிட்டது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது நினைவிருப்பவர் ஒரு வயது. அதற்கு முன் இலங்கை வானொலியில் பாட்டுக்காகக் காத்திருந்தவர் வேறு வயது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவசரமாகப் பேசியவர் இன்னொரு வயது.

பாட்டில் இது இன்னும் தெளிவு. யாருடைய இசை உயர்ந்தது என்று வீட்டில் நடக்கும் வாதத்தில், பேசுகிறவருக்கு இருபது வயது எப்போது நடந்தது என்று பாருங்கள். இளையராஜா 1976-இல் வந்தார், ஏ.ஆர். ரகுமான் 1992-இல் வந்தார். அவரவர் மேட்டின் உச்சியில் எந்த இசை ஒலித்ததோ அது பலருக்கு இசையின் இலக்கணமாகிவிடுகிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், இருபது வயது இளைஞர்கள் தங்கள் பெற்றோரின் இளமைக் காலப் பாடல்களோடும் தனி நெருக்கம் காட்டினார்கள். வீட்டில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் பெற்றோரின் மேடு பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தம்பி மகள் பாத்திரம் துலக்கும்போது முணுமுணுப்பது அவள் பிறப்பதற்கு இருபது ஆண்டு முந்தைய பாட்டு. அவள் நினைவை வைத்து வயதைக் கணித்தால் தவறிவிடும்!

வாசனைக்கு மட்டும் ஒரு குறுக்குவழி

பார்த்ததும் கேட்டதும் மூளையின் நடுவில் உள்ள ஒரு சந்திப்பில் நின்று, பிறகே உரிய இடங்களுக்குப் போகின்றன. வாசனை அந்தச் சந்திப்பில் நிற்பதில்லை. மூக்கின் நரம்பு முடிச்சிலிருந்து உணர்ச்சியைக் கையாளும் பகுதிக்கும் ஹிப்போகாம்பஸின் பக்கத்துக்கும் நேர்வழி இருக்கிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்ததும் எழும் புகை எங்கிருந்தாவது வந்தால், என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்பே நான் பழைய வீட்டுச் சமையலறையில் நிற்கிறேன். வாசனை கிளப்பும் நினைவுகள் மேட்டைவிடவும் முந்தியவை, பத்து வயதுக்கு உட்பட்டவை அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்தக் காலம் உண்மையிலேயே பொற்காலமா?

ஒருவரிடம் மகிழ்ச்சியான நினைவுகளை மட்டும் கேட்டால் மேடு மிக உயரமாக எழுகிறது. துயரமான நினைவுகளை மட்டும் கேட்டால் மேடு எழுவதில்லை. அவை எல்லா வயதுகளிலும் பரவிக் கிடக்கின்றன. கூடவே, துன்ப நினைவுகளோடு ஒட்டிய உணர்ச்சி, இன்ப நினைவுகளின் உணர்ச்சியைவிட வேகமாக மங்குகிறது. நிகழ்ச்சி மறப்பதில்லை, அதன் முள் மழுங்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் இளமைக் காலம் உண்மையில் இருந்ததைவிட ஒளியோடு தெரியும்.

எனக்கு அந்த ஸ்டவ்வின் வாசனை இனிமை. திரி கருகி, அந்தப் புகையில் இருமிக்கொண்டே மூன்று வேளை சமைத்த அம்மாவுக்கு அது இனிமையாக இல்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்குத் தகரக் கேனோடு வெயிலில் நின்றவரும் அவர்தான். காலத்தை யாருடைய மேட்டிலிருந்து பார்க்கிறோம் என்று கேட்காமல் ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று தீர்ப்புச் சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. திண்ணையில் உட்காரவும் கிணற்றில் நீர் எடுக்கவும் யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் அந்த ஏக்கப் பேச்சில் வசதியாக விட்டுவிடுகிறோம்.

இதற்காக ஏக்கத்தையே பொய் என்று தள்ளவும் மாட்டேன். அம்மா கடிதத்தின் ஓரத்தில் திருப்பி எழுதிய அந்த இரண்டு வரிகளின் அன்பு உண்மை. ஏக்கம் ஒரு காலத்தின் வரலாற்றைச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் நமக்கு யார் முக்கியம் என்று சொல்கிறது.

ஏக்கம் நோயாக இருந்த கதை

இந்த உணர்ச்சிக்கு ‘நினைவேக்கம்’ என்று தமிழில் சொல்கிறோம். கடந்துபோனதை இனிமையும் வலியும் கலந்து நினைப்பது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688-இல் உருவாக்கியவர் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு சொற்களை ஒட்டினார். அயல்நாட்டில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள் ஊர் நினைவில் உண்ணாமல் உறங்காமல் மெலிந்தார்கள். ஹோஃபர் இதை நோய் என்றே எழுதினார். ஊருக்கு அனுப்பிவைப்பதே மருந்து.

இன்று ஆய்வாளர்கள் இதை நோயாகப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் 2006 முதல் நடத்திவரும் ஆய்வுகளில், தனிமையும் சோர்வும் இந்த ஏக்கத்தைத் தூண்டுகின்றன. அதில் சிறிது நேரம் தோய்ந்தவர்கள் பிறரோடு கூடுதல் நெருக்கத்தை உணர்கிறார்கள். ஆகவே ஒருவர் திரும்பத் திரும்பப் பழங்கதை பேசினால் அவருக்குப் பேச ஆள் தேவைப்படுகிறது என்று முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழையது நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது மறந்துவிடுகிறது

இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம், சமையலறைக்கு எதற்கு வந்தோம் என்பது அவ்வப்போது மறப்பது வயதோடு வரும் இயல்பு. கவனிக்காத செயல் பதிவாவதே இல்லை. பதிவாகாதது மறப்பதற்கும் இல்லை.

ஆனால் “ஐம்பது வருஷத்துக்கு முந்தினது அட்சரம் பிசகாமல் சொல்கிறார், நினைவுக்கு ஒரு குறையும் இல்லை” என்று தேற்றிக்கொள்வது தவறு. மறதி நோய் பலருக்கு ஹிப்போகாம்பஸ் இருக்கும் பகுதியில் தொடங்குகிறது. புதியதைக் கோக்கும் நூல் முதலில் அறுகிறது; பல காலம் சொல்லிச் சொல்லி உறுதிப்பட்ட பழைய நினைவுகள் பின்னும் நெடுநாள் நிற்கின்றன. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் மூன்று முறை கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, தானே பார்த்துவந்த கணக்கு வழக்கு குழம்புவது, இவை தென்பட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ‘வயதாகிவிட்டது’ என்ற சொல்லால் அதை மூடிவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது?

“உங்கள் சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள் “என்ன இருக்கிறது சொல்ல” என்று முடித்துவிடுவார்கள். கோலம் போடுகிறவரிடம் புள்ளி வைக்காமல் கோட்டை இழுக்கச் சொல்வதுபோல் அது. ஒரு பொருள், ஒரு வாசனை, ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். அவருடைய பத்து வயதும் முப்பது வயதும் எந்த ஆண்டுகளில் விழுந்தன என்று கணக்குப் போட்டு, அந்த ஆண்டுகளிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று. டிரங்குப் பெட்டியின் மூலையில் ஒரு தகர டப்பாவில் செல்லாக் காசுகள் இருந்தன. ‘நயா பைசா’ என்று இந்தியில் பொறித்த ஒரு செம்பு நிறக் காசைத் தம்பி மகள் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். புதுக் காசு வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. மளிகைக் கடையில் பழைய காசும் புதுக் காசும் கலந்து ஓடிய நாள்கள். கடைக்காரர் ஏமாற்றிவிடக் கூடாது என்று தாத்தா வாய்ப்பாடு போல் சொல்லிக் கொடுத்தாராம்.

“ஓரணாவுக்கு ஆறு. ரெண்டணாவுக்குப் பன்னிரண்டு. மூணணாவுக்குப் பத்தொன்பது. நாலணாவுக்கு இருபத்தைந்து.”

“பாட்டி, மூன்று ஆறு பதினெட்டுதானே? பத்தொன்பது எப்படி வரும்?”

அம்மா காசை அவளிடம் திருப்பிக் கொடுக்காமல், இன்னொரு கையால் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். “ஓரணா சரியாக ஆறு இல்லை. ஆறேகால். அந்தக் கால் பைசா எங்கே போகும்? மூன்று கால் சேர்ந்தால் முக்கால். முக்காலைக் கடைக்காரன் ஒன்றாக்கிக்கொள்வான். இப்போது எண்ணு.”